யாரும் தேடச் சொல்லாத ஆள்

‘தி பிக் ஸ்லீப்’ படத்தை முதல் தடவை பார்த்தபோது ஒரு ரஃப் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1946இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். கதை யாருக்கும் புரியாது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள், எனக்கா புரியாது என்ற திமிர். பெயர், அவர் யார், யாரிடம் என்ன வேண்டும், இருக்கிறாரா செத்தாரா என்று நான்கு கட்டம் போட்டுவைத்தேன். கொஞ்ச நேரம் கட்டங்கள் ஒழுங்காகத்தான் நிரம்பின. அப்புறம் ஒருவனைக் கொன்றவன் செத்து, அவனைக் கொன்றது யார் என்று எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும்போதே இன்னொருவனும் விழுந்தான். நோட்டை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை பார்த்தாகிவிட்டது. இப்போதாவது புரிகிறதா என்றால் புரிகிறது, ஆனால் படத்தை ரசிக்க அது அவ்வளவு அவசியமில்லை என்பதும் சேர்ந்தே புரிகிறது. நடுவில் ஒரு தடவை வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. இந்தத் துப்பறிவாளனை எதற்காக வேலைக்கு வைத்தார்களோ, அதைப் பற்றி யாருக்கும் பெரிய அக்கறை இல்லை. அவனைப் பார்த்ததும் அவர்களுக்குக் கேட்கத் தோன்றுவது வேறு. காணாமல் போன ரீகனைத் தேடத்தானே உன்னை வைத்திருக்கிறார்கள்? இல்லை என்கிறான். நம்பமாட்டேன் என்கிறார்கள். திரும்பவும் இல்லை என்கிறான். கடைசியில் இத்தனை பேர் கேட்கிறார்களே, தேடித்தான் பார்ப்போமே என்று அவனே கிளம்பிவிடுகிறான். எனக்கு இந்தப் படம் பிடித்ததற்கு இதுதான் முதல் காரணம்.

(இனிமேல்தான் பார்க்கப்போகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எண்பது வருஷப் படத்துக்கு என்ன ஸ்பாய்லர் என்று சிரிப்பவர்கள் மேலே வாசிக்கலாம்.)

இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். ஜெனரல் ஸ்டெர்ன்வுட் என்று பெரும் பணக்காரக் கிழவர் ஒருவர். உடம்பில் சூடு தங்காததால் ஆர்க்கிட் பூ வளர்க்கும் கண்ணாடிக் கூடத்துக்குள் சக்கர நாற்காலியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கூப்பிட்டு பிலிப் மார்லோ வருகிறான், அதாவது ஹம்ப்ரி போகார்ட். நாளுக்கு 25 டாலரும் செலவும்தான் அவன் கூலி. முன்பு அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் துப்பறிபவனாக இருந்து, மேலே இருப்பவர்களுக்கு அடங்கிப்போகாததால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவன். கிழவர் குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. அதனால் மார்லோவுக்கு பிராந்தி ஊற்றச் சொல்லி, அவன் குடிப்பதைப் பார்த்து இவர் ருசிக்கிறார். பிராந்தி எப்படி வேண்டும் என்று கேட்டால் கிளாஸில் என்கிறான். அந்த வெக்கையில் அவனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கோட்டைக் கழற்றுகிறான். ஆர்க்கிட் பூவின் சதை மனுஷச் சதை மாதிரி இருப்பதால் தனக்குப் பிடிக்காது என்று, அந்தப் பூக்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொண்டு ஜெனரல் சொல்கிறார்.

கூப்பிட்ட காரணம் பிளாக்மெயில். அவருக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் விவியன், லாரன் பகால். இளையவள் கார்மென், மார்த்தா விக்கர்ஸ், முன்பின் தெரியாத ஆள்மேல் போய்ச் சாய்ந்து விழுகிற பெண். கார்மென் சூதாட்டக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டுகளை கைகர் என்ற பழம்புத்தக வியாபாரி ஜெனரலுக்கு அனுப்பியிருக்கிறான். சூதாட்டக் கடனைச் சட்டப்படி வசூலிக்க முடியாது என்பது அனுப்பினவனுக்கும் தெரியும், வாங்கினவருக்கும் தெரியும். இந்தப் படத்துக்கு மூலமான ரேமண்ட் சாண்ட்லரின் நாவலில் கைகர் எழுதும் கடிதத்தில் இதை வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டு, ஆனாலும் நீங்கள் மதித்துக் கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று அவ்வளவு பணிவாக எழுதியிருப்பான். மிரட்டல் கடிதத்தில் ஒரு மிரட்டல் வார்த்தைகூட இருக்காது. இதற்கு முன்பே ஜோ பிராடி என்பவனுக்கு 5,000 டாலர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பேச்சுவாக்கில் ஷான் ரீகன் என்ற பெயர் வருகிறது. அயர்லாந்துக்காரன், புரட்சிப் படையில் இருந்தவன், பிறகு மெக்சிகோவிலிருந்து சாராயம் கடத்தியவன். கிழவரோடு மணிக்கணக்காக உட்கார்ந்து பேசவும் அவருக்காகக் குடிக்கவும் வைத்திருந்த ஆள், கிட்டத்தட்ட மகன் மாதிரி. ஒரு மாதமாகக் காணோம். போயிட்டு வர்றேன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லிவிட்டுப் போகவில்லை. கிழவர் இதை முறையிடுவது போலச் சொல்வதில்லை, சொல்லிவிட்டு மறுபடி கைகர் விஷயத்துக்கு வந்துவிடுகிறார். தேடிக் கண்டுபிடி என்று கேட்பதே இல்லை.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம் வருவார். பெரியப்பா வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி, எட்டு மாதம் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. தாத்தா ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை, எடுத்தவர்களையும் முறைப்பார். ஒரு நாள் டவுனுக்குக் கிளம்பிய என்னைக் கூப்பிட்டு, பெரியப்பா முன்பு வழக்கமாகத் தங்கும் லாட்ஜுக்கு எதிரில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது, நல்ல டியூப் அங்கேதான் கிடைக்கும், ஒன்று வாங்கிவா என்றார். லாட்ஜ் பெயரைச் சொன்னாரே தவிர பெரியப்பா பெயரைச் சொல்லவில்லை, அது எனக்கே தெரியும். வாங்கிவந்தேன். விலை கேட்கவில்லை, மீதிச் சில்லறை கேட்கவில்லை. லாட்ஜ் வாசலில் யாராவது நின்றுகொண்டிருந்தார்களா என்று மட்டும், எங்கேயோ பார்த்தபடி கேட்டார். எங்கள் வீட்டில் அப்போது சைக்கிளே கிடையாது.

பெரியப்பா அப்புறம் தானாக வந்துசேர்ந்தார், அது வேறு கதை. ஆனால் ஜெனரல் புரோநோட்டை எடுத்து நீட்டும்போது எனக்கு அந்த டியூப்தான் தெரியும்.

விவியனுக்கும் அது உடனே தெரிந்துவிடுகிறது. மார்லோ வெளியே போவதற்குள் தன் அறைக்குக் கூப்பிட்டு, அப்பா உன்னை எதற்குக் கூப்பிட்டார், ரீகனைத் தேடவா என்று துருவுகிறாள். படத்தின் பாதிக்கு மேல் போன பிறகு சூதாட்ட விடுதிக்காரன் எடி மார்ஸிடம் பேசும்போதும் அதே பெயர் வருகிறது. நான் ரீகனைத் தேடுவதாகப் பல பேர் நினைக்கிறார்கள், ஆனால் தேடவில்லை என்று மார்லோ சொல்கிறான். போகார்ட் அதைச் சொல்லும் அலுப்பு, அடடா. இத்தனை பேர் பதறினால் அந்தப் பெயருக்குக் கீழே ஏதோ புதைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம், காது போதும். துப்பறியும் கதை என்றால் பூதக்கண்ணாடி, சிகரெட் சாம்பல், காலடித்தடம் என்று படித்து வளர்ந்த எனக்கு இது புதிதாக இருந்தது.

பிளாக்மெயில் எப்படி நடக்கிறது என்பதை இந்தப் படம் காட்டுகிற அளவுக்கு விவரமாக அந்தக் காலத்துப் படம் வேறெதிலும் நான் பார்த்ததில்லை. கைகர் வீட்டில் ஒரு சிலையின் தலைக்குள் கேமரா ஒளித்துவைத்திருக்கிறது. கார்மெனுக்கு ஏதோ போதை கொடுத்து உட்காரவைத்துப் படம் எடுக்கிறான். வெளியே மழை, காரில் மார்லோ. ஒரு பளிச் வெளிச்சம், ஒரு அலறல், துப்பாக்கிச் சத்தம், ஓடும் காலடி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார் கிளம்பும் சத்தம். உள்ளே போனால் கைகர் பிணம், கார்மென் மயக்கத்தில், கேமராவில் இருந்த படத்தகடு இல்லை. இங்கிருந்து அந்த நெகட்டிவ் ஊர் சுற்ற ஆரம்பிக்கிறது. கைகரைச் சுட்டது ஸ்டெர்ன்வுட் வீட்டு டிரைவர் ஓவன் டெய்லர், கார்மென் மேல் ஆசை வைத்தவன். அவன் எடுத்துக்கொண்டு ஓட, அவனை அடித்துப்போட்டு ஜோ பிராடி பிடுங்கிக்கொள்கிறான். பிராடி அந்த நெகட்டிவை வைத்து விவியனிடம் 5,000 கேட்கிறான். பிராடிதான் தன் முதலாளி கைகரைக் கொன்றான் என்று தப்பாக நினைத்து லண்ட்கிரென் என்ற பையன் வந்து பிராடியைச் சுட்டுவிடுகிறான். சரக்கு ஒன்றுதான், ஆள்தான் மாறுகிறார்கள். நகல் எடுத்துக்கொண்டே போகலாம் என்ற காலம் இல்லையே, நெகட்டிவ் ஒன்றுதான் சொத்து. அது மார்லோ கைக்கு வந்ததும் வியாபாரம் முடிந்தது.

படம் பாதிதான் ஓடியிருக்கிறது. கூலி கொடுத்த வேலை முடிந்துவிட்டது. போலீஸ் நண்பரும் போதும் விடு என்கிறார், விவியனும் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்க்கிறாள். இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. படத்தை வைத்து மிரட்டினால் நெகட்டிவை விலைக்கு வாங்கித் தீக்குச்சி கிழித்தால் போதும். காணாமல் போனவனை வைத்து மிரட்டினால் எதை வாங்குவது? பிணம் எங்கே என்று தெரிந்த ஒருத்தன் உயிரோடு இருக்கிறவரைக்கும் மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கைகர், பிராடி எல்லாம் சில்லறைக் கடைக்காரர்கள். மொத்த வியாபாரி எடி மார்ஸ். விவியன் அவனிடம் மாட்டிக்கொண்டிருப்பது தங்கையின் போட்டோவுக்காக இல்லை, ரீகனுக்காக. ரீகன் மார்ஸின் மனைவியோடு ஓடிப்போய்விட்டான் என்று ஊரே நம்பட்டும் என்று மார்ஸ் தன் மனைவி மோனாவை ரியாலிட்டோ என்ற இடத்தில் ஒரு கார் ஷெட்டுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறான். ஒருவன் காணாமல் போனதை மறைக்க இன்னொருத்தியையும் காணாமல் போகவைக்கிற அளவுக்கு யோசிக்கிற வில்லன். மனைவி ஓடிப்போனாள் என்ற அவமானத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டு உலாத்துகிறானே, அந்தத் துணிச்சலுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

கதை இப்படி இரண்டாகப் பிளந்திருப்பது ஏன் என்பது நாவல் உருவான விதத்தைப் படித்தபோதுதான் விளங்கியது. ரேமண்ட் சாண்ட்லர் எண்ணெய்க் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து, குடியால் 1932இல் வேலை போன மனிதர். நாற்பத்தைந்து வயதில் ‘பிளாக் மாஸ்க்’ என்ற மலிவுவிலைப் பத்திரிகையில் துப்பறியும் கதை எழுத ஆரம்பித்தார். 1935இல் ஒரு கதை, மழை, ஆபாசப் புத்தக வியாபாரி, மிரட்டல், டிரைவர். 1936இல் இன்னொரு கதை, கண்ணாடிக் கூடத்தில் கிழட்டு ஜெனரல், காணாமல் போன மருமகன். 1939இல் வந்த முதல் நாவலை எழுத உட்கார்ந்தபோது இந்த இரண்டையும் முக்கியமாக எடுத்து, வேறு கதைகளிலிருந்தும் துண்டு சேர்த்து, மூன்று மாதத்தில் தைத்து முடித்தார். முன் பாதி ஒரு சட்டை, பின் பாதி ஒரு சட்டை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி, 1936 கதையில் ஜெனரல் நேராகவே கேட்டுவிடுகிறார், என் மருமகனைக் கண்டுபிடித்துக் கொடு என்று. மூன்று வருஷம் கழித்து நாவலில் வரும்போது அதே கிழவர் வாயில் வேறு கதையின் பிளாக்மெயிலை வைத்துவிட்டார் சாண்ட்லர். தையலுக்காகச் செய்த வேலைதான். ஆனால் அதனாலேயே கிழவர் கேட்க விரும்புவதைக் கேட்காதவராகிவிட்டார். நாவலில் கடைசிக்கு அருகில்தான் பொறுக்காமல் 1,000 டாலர் தருகிறேன், அவனைத் தேடு என்று வாய்விட்டுச் சொல்கிறார். படத்தில் அதுவும் இல்லை.

அந்தத் தையலின் ஓரத்தில்தான் டிரைவர் ஓவன் டெய்லர் சிக்கிக்கொண்டார். அவர் கார் லிடோ துறைமுகப் பாலத்தை உடைத்துக்கொண்டு கடலில் கிடக்கிறது. அடித்துப்போட்டேன், கொல்லவில்லை என்கிறான் பிராடி. அப்படியென்றால் யார்? படப்பிடிப்பில் இது கொலையா தற்கொலையா என்று இயக்குநர் ஹாக்ஸுக்கும் போகார்ட்டுக்கும் வாக்குவாதம் வந்து சாண்ட்லருக்குத் தந்தி அடித்தார்கள். அவர் பிற்பாடு ஒரு கடிதத்தில் இதைச் சொல்லி, எனக்கும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் சொல்லும் கதை இது, நானும் சொல்லாமல் விடவில்லை பாருங்கள். ஆனால் எல்லாரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிராடி பொய் சொல்கிறானா என்று மார்லோவும் அழுத்திக் கேட்பதில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். டிரைவர் செத்ததைப் பற்றி யாருக்கும் அழுகை இல்லை. கூலிக்காரன் செத்தால் கணக்கு அப்படித்தான், முதலாளியின் தோழன் காணாமல் போனால்தான் ஊர் பூராவும் கேள்வி.

இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. காட்சி நன்றாக இருந்தால் போதும், எதற்கு விளக்கம் என்கிற ஆள். இதை நாலு பேட்டியில் சொல்லியிருக்கிறார், சொல்லாவிட்டாலும் புத்தகக் கடைக் காட்சியைப் பார்த்தால் போதும். கைகர் நடத்துவது அபூர்வப் புத்தகக் கடை. உண்மையில் என்ன விற்கிறான் என்று படம் கடைசிவரை சொல்லாது. அப்போதைய ஹேஸ் தணிக்கை விதிகளில் அதைச் சொல்ல வழியில்லை. நாவலில் அது ஆபாசப் புத்தகங்களை வாடகைக்கு விடும் லெண்டிங் லைப்ரரி. மார்லோ தொப்பி விளிம்பை மடக்கிவிட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, மூக்கால் பேசிக்கொண்டு உள்ளே போய் ‘பென் ஹர்’ நாவலின் 1860ஆம் வருஷத்து மூன்றாம் பதிப்பு, 116ஆம் பக்கத்தில் ஒரு வரி இரண்டு தடவை அச்சான பிரதி இருக்கிறதா என்று கேட்கிறான். கடையில் இருக்கும் ஆக்னஸ் இல்லையே என்கிறாள். அந்த நாவல் வெளிவந்ததே 1880இல்தான்! பழம்புத்தகம் தெரிந்தவள் என்றால் சிரித்திருக்க வேண்டும். கடை பொய்க்கடை என்று ஒரே கேள்வியில் முடிந்தது. ஒரு துப்பாக்கி இல்லை, ஒரு மிரட்டல் இல்லை.

எதிர்ப்பக்கம் உள்ள புத்தகக் கடைக்குப் போய் அதே கேள்வியைக் கேட்கிறான். அங்கிருக்கும் பெண் அட்டவணையைப் பார்த்துவிட்டு அப்படி ஒரு பதிப்பே கிடையாது என்கிறாள். டோரதி மலோன். படத்தில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. கைகர் எப்படி இருப்பான் என்று கேட்டதும் வயது, உயரம், தொப்பை, மீசை, பழம்பொருள் தெரிந்தவன் மாதிரி காட்டிக்கொள்வான் ஆனால் தெரியாது, இடது கண் கண்ணாடிக் கண் என்று நினைக்கிறேன் என்று கடகடவென்று சொல்கிறாள். நீ நல்ல போலீஸாக வந்திருப்பாய் என்கிறான் மார்லோ. வெளியே மழை பிடித்துக்கொள்கிறது. அவள் கடைக் கதவைச் சாத்தி, திரையை இறக்கி, கண்ணாடியைக் கழற்றிவைக்கிறாள். அவனிடம் விஸ்கி பாட்டில் இருக்கிறது. அவ்வளவுதான். கைகர் வந்ததும் அவன் கிளம்பிப் போகிறான், அவள் அப்புறம் வரவே மாட்டாள். கதைக்கு இந்த மழை நேரம் எந்த விதத்திலும் தேவையில்லை, படத்தை என்னை இரண்டாம் தடவை பார்க்கவைத்தது அதுதான்.

இந்தப் படத்தில் பெண்கள் எங்கும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டாக்ஸி ஓட்டுவதுகூட ஒரு பெண். 1944 அக்டோபரிலிருந்து 1945 ஜனவரிவரை எடுத்த படம், ஆண்கள் யுத்தத்தில் இருந்தார்கள். திரைக்கதை எழுதிய மூவரில் ஒருவரும் பெண், லீ பிராக்கெட். அவர் எழுதிய துப்பறியும் நாவலைப் படித்துவிட்டு அந்த ஆளைக் கூப்பிடு என்றாராம் ஹாக்ஸ், வந்து நின்றது ஒரு இளம்பெண். கூட எழுதியவர் வில்லியம் ஃபாக்னர், சில வருஷத்தில் நோபல் பரிசு வாங்கப்போகிறவர். நாவலின் அத்தியாயங்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதினார்களாம். ஏற்கெனவே இரண்டு கதையைத் தைத்த நாவல், அதை இரண்டு பேர் கிழித்துத் தைத்தால் எப்படி இருக்கும்? முரட்டு வசனமெல்லாம் பிராக்கெட் எழுதியது என்று தெரிந்ததும் போகார்ட் அதன் பிறகு வசனத்துக்கு அவரிடமே போவாராம். மூன்றாமவர் ஜூல்ஸ் ஃபர்த்மன்.

எல்லாக் காட்சியிலும் மார்லோ இருக்கிறான். அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. மனதுக்குள் பேசும் குரல் இல்லை, ஃபிளாஷ்பேக் இல்லை. அதனால் ஹாரி ஜோன்ஸ் சாகும் காட்சியில் மார்லோ பக்கத்து அறை இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது நாமும் சும்மா நின்று கேட்க வேண்டியிருக்கிறது. எலிஷா குக் ஜூனியர், குட்டையான ஆள். மோனா மார்ஸ் இருக்கும் இடம் ஆக்னஸுக்குத் தெரியும், 200 டாலர் கொடு என்று மார்லோவிடம் பேரம் பேசியவன். அவனை மார்ஸின் அடியாள் கனினோ பிடித்துக்கொண்டு ஆக்னஸ் எங்கே என்கிறான். சிரித்தபடி, அவசரமில்லாமல். ஹாரி ஒரு விலாசம் சொல்கிறான். சந்தோஷம், வா குடிப்போம் என்று கனினோ ஊற்றிக் கொடுக்கிறான். கிளாஸில் விஷம். அவன் போன பிறகு மார்லோ அந்த விலாசத்தை விசாரித்தால் அப்படி ஒருத்தி அங்கே இல்லை. சாகப்போகிறோம் என்று ஓரளவு தெரிந்தும் அந்தச் சின்ன மனுஷன் பொய் விலாசம் கொடுத்திருக்கிறான். இந்தப் படத்தில் எல்லாரும் அடுத்தவர் ரகசியத்தை விற்கிறார்கள், இவனும் விற்க வந்தவன்தான், ஒரே ஒரு விலாசத்தை மட்டும் விற்கவில்லை. அது யாருக்காகச் செய்தானோ அந்த ஆக்னஸ் 200 டாலரை வாங்கிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

இனி ரீகன். நாவலில் அவனைக் கொன்றது கார்மென், தன்னை வேண்டாம் என்று சொன்னதற்காக. பிணம் கிடப்பது ஸ்டெர்ன்வுட் குடும்பத்தின் பழைய எண்ணெய்க் கிணற்றுக் குழியில். குடும்பத்துக்குப் பணம் வந்த அதே மண். எண்ணெய்க் கம்பெனியில் வருஷக்கணக்காக இருந்த ஒரு ஆளுக்குத்தான் அந்த இடம் தோன்றும். படத்தில் இதை இப்படிச் சொல்ல தணிக்கை விடாது. அதனால் கடைசியில் கைகர் வீட்டில் மார்ஸை மடக்கி, அவன் தன் ஆட்களின் துப்பாக்கிக்கே பலியாகும்படி மார்லோ வெளியே விரட்டுகிறான். ரீகனையும் மார்ஸ்தான் கொன்றான் என்று போலீஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று விவியனிடம் சொல்கிறான். உண்மை எது என்பது வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. கார்மெனை எங்காவது அனுப்பி வைத்தியம் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. அந்தப் பெண் கடைசிக் காட்சியில் இல்லவே இல்லை. மார்த்தா விக்கர்ஸ் அவ்வளவு நன்றாக நடித்ததால் பகாலை அமுக்கிவிட்டார், அதனால்தான் அவர் காட்சிகளைக் குறைத்தார்கள் என்று சாண்ட்லர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது முழுக்கச் சரியோ என்னவோ, திரையில் பார்த்தால் எனக்கு நம்பத்தான் தோன்றுகிறது.

பகால் பக்கத்தில் வேறொரு கதை. படம் 1945லேயே தயார், வெளிநாட்டில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் போட்டும் காட்டிவிட்டார்கள். யுத்தம் முடியப்போகிறது, யுத்தப் படங்களை முதலில் விற்றுத் தீர்ப்போம் என்று வார்னர் பிரதர்ஸ் இதைத் தள்ளிவைத்தது. அதற்குள் பகாலின் இன்னொரு படம் வந்து விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அவருடைய ஏஜென்ட் சார்ல்ஸ் ஃபெல்ட்மன் 1945 நவம்பரில் ஜாக் வார்னருக்குக் கடிதம் எழுதினார், முதல் படத்தில் மக்கள் ரசித்த அந்தத் திமிர்ப் பேச்சு இதில் போதவில்லை, சில காட்சிகளை மறுபடி எடுங்கள் என்று. 1946 ஜனவரியில் எடுத்தார்கள். அதற்குள் போகார்ட்டும் பகாலும் கணவன் மனைவி. முதலில் எடுத்தபோது பகாலுக்கு இருபது, போகார்ட்டுக்கு நாற்பத்தைந்து, போகார்ட்டின் பழைய கல்யாணம் உடைந்துகொண்டிருந்தது. அந்த மறுபடப்பிடிப்பில் வந்ததுதான் குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவது போல இருவரும் வேறெதையோ பேசும் உணவக உரையாடல். தணிக்கைக்காரர்கள் குதிரை என்று நினைத்து விட்டார்களோ என்னவோ.

புதியதை நுழைக்கப் பழையதை வெட்ட வேண்டுமே. எதை வெட்டினார்கள் தெரியுமா? மார்லோ அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் உட்கார்ந்து, இன்னாரை இன்னார் கொன்றார், ஏனென்றால், என்று அதுவரை நடந்ததை வரிசையாக விளக்கும் காட்சியை. நான் பள்ளிக்கூட நாளில் விழுந்து விழுந்து படித்த மாத நாவல்களில் கடைசி அத்தியாயத்தில் ஒருவர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து முடிச்சை அவிழ்ப்பாரே, அதே காட்சி. 1945 வடிவம் பிற்பாடு ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்துச் சரிசெய்யப்பட்டு 1997இல் வெளியானது. கிடைத்ததும் ரஃப் நோட்டை மறுபடி எடுத்துக்கொண்டு ஆசையாக உட்கார்ந்தேன். எல்லாம் விளங்கியது. கட்டங்கள் நிரம்பின. கொட்டாவியும் வந்தது. விளக்கம் முழுக்க கைகர், பிராடி, நெகட்டிவ் பற்றித்தான், அந்தப் பாதிக் கதை. கிழவர் கேட்காமல் விட்டதற்கு அதிலும் பதில் இல்லை.

‘பிக் ஸ்லீப்’ என்றால் சாவு. நாம் மீளாத் துயில் என்று போஸ்டரில் போடுவோமே, அதேதான். நாவலின் கடைசிப் பக்கத்தில் மார்லோ நினைக்கிறான், செத்த பிறகு எண்ணெய்க் குழியில் கிடந்தால் என்ன, பளிங்குக் கோபுரத்தில் கிடந்தால் என்ன என்று. ஆனால் கிழவருக்கு மட்டும் தெரியக் கூடாது, அவர் படுக்கையில் நிம்மதியாகக் கிடக்கட்டும் என்று உண்மையை விழுங்கிக்கொள்கிறான். படத்தில் அந்த நினைப்புக்கும் இடமில்லை. போலீஸ் சைரன் கேட்கிறது, இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், முடிந்தது. கண்ணாடிக் கூடத்தில் இருப்பவரிடம் யார் போய் என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஜெனரலாக நடித்த சார்ல்ஸ் வால்ட்ரனுக்கு மொத்தப் படத்திலும் அந்த ஒரே காட்சிதான். 1946 ஆகஸ்டில் படம் தியேட்டருக்கு வருவதற்குச் சில மாதம் முன்பு அவர் இறந்துபோனார்.

போன மாதம் பார்த்தபோது அந்தக் காட்சி முடிந்ததும் நிறுத்திவிடலாமா என்று ரிமோட்டைக் கையில் எடுத்தேன். ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் புத்தகக் கடை வந்துவிடும்.